இருநூறு வரிசை போதும்

2024 ஜனவரி 7, ஞாயிறு, காலை 6.10

புறாப் பந்தயச் சங்கத்தில் உறுப்பினர்கள் 31. பந்தயப் புறாக்கள் 188. ஒரு புறாவுக்கு ஏழு ஃபார்முலா வீதம் மொத்தம் 1,316 ஃபார்முலா. இந்த நிமிடம் அவற்றில் உயிரோடு இருப்பது பூஜ்யம்.

மாமா அழித்துவிட்டார்.

சோதித்துப் பார்ப்பதற்காகப் போன வருடப் பந்தயத்தின் எண்களை எக்செல் ஷீட்டில் போட்டு வைத்திருந்தேன். "அந்த எண்களை மட்டும் எடுத்துடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். அவர் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலிட்டைத் தட்டிவிட்டு, சேமித்தும் வைத்துவிட்டார்.

"பழைய குப்பையெல்லாம் தொடச்சிட்டேன் மச்சான். இப்ப பாரு, பளிச்சுனு கீது."

பளிச்சென்றுதான் இருக்கிறது. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று யாராவது கேட்டால்: எடுத்து வைத்தேன். "ரெண்டு ஃபைலு ஒரே பேர்ல இருந்திச்சு" என்று அதையும் அழித்திருக்கிறார்.

ஏழு மணிக்கு நெல்லூரில் புறாக்களைத் திறந்துவிடுவார்கள். முதல் புறா ஒன்பதுக்குச் சென்னையில் இறங்கும். அதற்குள் மறுபடி போட வேண்டும். பல் தேய்க்கவில்லை.

மாலை

போட்டேன். எட்டரைக்கு முடிந்தது. பல் தேய்த்தது பத்தரைக்கு.

கணக்கு இவ்வளவுதான். முதலில் வந்த புறா ஜெயித்ததாக அர்த்தமில்லை. ஒவ்வொருவர் கூண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ராயபுரத்துக் கூண்டுக்கும் வியாசர்பாடிக் கூண்டுக்கும் தூரம் வேறு. தூரத்தைப் பறந்த நிமிடத்தால் வகுத்தால் வேகம். வேகம் அதிகமான புறா ஜெயிக்கும். புறா வந்ததும் அதன் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தின் எண்ணை உரிமையாளர் போனில் சொல்வார். நான் நேரத்தை ஏற்றுவேன். ஆறு மணி வரை முடிவுப் பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது, நான் உட்பட. நடுவில் பார்த்தால் நடுவிலேயே சண்டை வரும் என்று சங்கத்து விதி.

முடிவு சரியாக வந்தது. ஜலீல் பாய் ஏற்கவில்லை. சங்கத்தில் மூத்தவர், ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், எதையும் முதலில் ஏற்பதில்லை.

"கம்ப்யூட்டர் சொன்னா ஒத்துக்கணுமா? பேப்பர்ல போட்டப்போ ரெண்டு நாளு அடிச்சிக்கினோம், மூணாவது நாளு ஒத்துக்கினோம். அதுல ஒரு மரியாத இருந்திச்சு."

எல்லாப் புறாவுக்கும் கையால் வகுத்துக் காட்டச் சொன்னார். வகுத்தேன். ஒத்துப்போனது. அப்போதும் முகம் தெளியவில்லை. அந்த இடத்தில்தான் மாமா எழுந்து நின்று ஒரு சபதம் போட்டார்.

"இந்த சீசன் முடியற வரிக்கும் என் மச்சான் ஷீட்டு ஒரு தபா தப்பா ஃபர்ஸ்ட்டு சொல்லட்டும், செயலாளர் சீட்ட வுட்டு எறங்கிடறேன்!"

காலையில் 1,316 ஃபார்முலாவை அழித்தவர் சொல்கிறார்.

மாமா என்பது அக்கா வனிதாவின் கணவர் ஏகாம்பரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அங்கே அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. இங்கே முப்பது பேர் "செயலாளரே" என்கிறார்கள். ஒன்பது வருடமாக. அந்தப் பதவி போனால் மனுஷன் என்ன ஆவார் என்று தெரியவில்லை. எனக்கு அம்பத்தூரில் வால்வு கம்பெனியில் வேலை, அக்கா வீட்டில் சாப்பாடு. புறா எனக்குப் பிடிக்காது.

ஜனவரி 8

மாமாவுக்கு வகுப்பு எடுத்தேன். மஞ்சள் கட்டம் தொடலாம். வெள்ளைக் கட்டம் தொடக் கூடாது. வெள்ளைக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

"அப்ப அடுத்த ரேஸுக்கு மஞ்சள மட்டும் காலி பண்ணணும்."

"ஆமா மாமா."

"இதுக்கா நாலு வருசம் படிச்ச?"

ஜனவரி 20

மாமா மஞ்சளை மட்டும் காலி செய்திருக்கிறார். ஷீட் முழுக்கப் பிழைச் செய்தி.

மஞ்சள் கட்டங்கள் பார்க்க வெறுமையாகத்தான் இருந்தன. ஒன்றில் நுழைந்து பார்த்தேன். உள்ளே ஓர் இடைவெளி. அடுத்ததிலும். எல்லாவற்றிலும். மனுஷன் ஒவ்வொரு கட்டமாகப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறார்.

"நேத்து சாயந்தரம் பூரா டொக்கு டொக்குனு தட்டிக்கினே இருந்தாருடா. மீன் கொழம்பு ஆறிப் போச்சு" என்றாள் அக்கா.

"மாமா, ஸ்பேஸும் ஒரு எழுத்துதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஃபார்முலா அதை எழுத்துன்னு நெனச்சு முழிக்குது."

"காலியா தெரியுது, ஆனா காலி இல்ல?"

"ஆமா."

"உங்கக்கா பர்ஸுக்கு நேர் எதிரு."

"வாய மூடிக்கினு சாப்புடு" என்றாள் அக்கா.

சாப்பிட்டுவிட்டு வந்து, என்னைக் கேட்காமல், எல்லாக் கட்டத்திலும் சைபர் போட்டார். சைபர் என்றால் ஷீட்டுக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி. கிளம்புவதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்த 188 புறாக்கள். இரண்டையும் சரி செய்தேன். இனி துடைக்கும் வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போனது. பரவாயில்லை.

ஜனவரி 21

ஓங்கோல் பந்தயம். முடிவு ஆறு மணிக்கு, சரியாக.

ஓர் உறுப்பினர் போன் செய்தால் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெயர் ஆக்னஸ். பள்ளியில் பி.டி. டீச்சர், காசிமேட்டில் சொந்தக் கூண்டு. வளைய எண்ணை ஒரே மூச்சில் தெளிவாக, இரண்டு முறை சொன்ன ஒரே ஆள் இவர்தான். மற்றவர்கள் "அதாம்பா, நம்ம நீலக்கலரு" என்கிறார்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 27

நல்ல வழி இருக்கும்போது கட்டம் கட்டமாக அழிப்பவன் முட்டாள். ஷீட்டில் கையால் ஏற்றிய எண்களை மட்டும் ஒரே அடியில் பிடிக்க முடியும். ஃபார்முலா அதில் சிக்காது. பூட்டைத் திறந்தேன், பிடித்தேன், டெலிட். ஒரு நொடி.

கூண்டுகளின் தூரமும் கையால் ஏற்றிய எண்கள்தான். அதுவும் போய்விட்டது.

நகலிலிருந்து எடுத்துத் தூரங்களைத் தனிப் பக்கத்தில் வைத்தேன். நகல் இப்போது என் லேப்டாப்பில் மட்டும். மாமாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லை.

பிப்ரவரி 2

இறுதித் தீர்வு. பெரிய சிவப்புப் பொத்தான், மேலே "துடை" என்று எழுதியிருக்கிறது. அழுத்தினால் வளைய எண், வந்த நேரம் இரண்டும் மட்டும் காலியாகும். இருநூறாவது வரிசை வரைக்கும் வேலை செய்யும். இருநூறு போதும். இவர்களிடம் அதற்கு மேல் புறா இல்லை.

பிப்ரவரி 4

விஜயவாடா. ஆறு மணிக்கு முடிவு, ஆறே காலுக்கு எல்லோரும் டீ குடித்தார்கள். யாரும் சட்டையைப் பிடிக்கவில்லை.

"சண்ட இல்லாம டீ உள்ள எறங்க மாட்டேங்குது" என்றார் ஜலீல் பாய்.

சங்கம் டீக்கடை மாடியில் இருக்கிறது. ஆக்னஸ் முதல் முறை நேரில் வந்திருந்தார். கழுத்தில் விசில். பொத்தானைப் பார்க்க வேண்டும் என்றார். நகல் ஷீட்டில் அழுத்தக் கொடுத்தேன்.

"இவ்ளோதானா சார்? கடசி வரைக்கும் போச்சான்னு எறங்கிப் பாக்க வேணாமா?"

"வேணாம். அது பொத்தானோட வேலை."

"நீங்க பசங்கள கிரவுண்டுல நிக்க வெச்சதே இல்லபோல. கடசி வரிசையிலதான் எவனாவது பதுங்கி நிப்பான்."

"அது பள்ளிக்கூடம். இது எக்செல்."

சிரித்தார். சிரிக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை. என்னை சார் என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். பச்சைக் குர்த்தா.

பிப்ரவரி 18

கம்மம். பக்கத்துப் பேட்டைச் சங்கம் கலைந்துபோய் அவர்களும் இங்கே சேர்ந்துவிட்டார்கள். புறாக்கள் 214. ஃபார்முலாவைப் பிடித்துக் கீழே இழுத்தேன், தானாக நிரம்பியது. அரை நிமிட வேலை. முடிவு சரி. நான்கு பந்தயம், நான்கு சரி. மாமா நடக்கும்போது தோளை ஆட்டுகிறார்.

பிப்ரவரி 24

ஆக்னஸ் போன். தன் புறா ஒன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று. எனக்குப் புறாவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன்.

"தெரியாதவங்ககிட்ட பேசுனாதான் நிம்மதி. தெரிஞ்சவங்க எல்லாம் வைத்தியம் சொல்றாங்க."

போன் சூடாகிவிட்டது. பேட்டரி பழசு.

மார்ச் 1, வெள்ளி

கடைசிப் பந்தயம். வாரங்கல். நேர்கோட்டில் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இதில் ஜெயிப்பவருக்குத்தான் சீசனின் கேடயம். மாமா ஒன்பது வருடத்தில் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மாலையில் வளையம் மாட்டினோம். முதலில் பொத்தானை அழுத்தினேன். பிறகு புறாக்களின் வளைய எண்களை வரிசையாக ஏற்றினேன். மொத்தம் 207. ஆக்னஸ் பள்ளியில் விளையாட்டு விழாவாம், ஓடிவந்து கடைசியாகச் சேர்ந்தார். அவருடைய ஏழு புறாக்கள் அடியில், 201 முதல் 207 வரை. கூடைகளை லாரியில் ஏற்றும்போது ஒரு கறுப்புப் பெட்டையிடம் குனிந்து ஏதோ சொன்னார். புறாவுக்குத் தமிழ் தெரியாது. நான் சுட்டிக்காட்டவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

காலை ஆறரைக்குத் திறந்துவிட்டதாக வாரங்கலிலிருந்து தகவல் வந்தது. மதியம் இரண்டரை வரை எந்தப் புறாவும் வரவில்லை. போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதில் பாதி ஆக்னஸ்.

"யாருக்காவது வந்திச்சா?"

"விதிப்படி சொல்லக் கூடாது."

"எனக்கு வர்ல."

"வந்தா மட்டும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் கூப்பிட்டார். எண்ணைப் பார்த்ததும் கட் செய்தேன். லைனில் ஆட்கள் காத்திருந்தார்கள். இது நியாயம்தான்.

2.41-க்கு மொட்டைமாடியிலிருந்து ஒரு அலறல். மாமா. அவருடைய புறா வந்துவிட்டது. அதன் பெயர் கலெக்டரம்மா, நடையில் அவ்வளவு தோரணை. அக்காவும் மேலே ஓடினாள். நானும்தான் ஓடினேன், வளைய எண்ணைச் சரிபார்க்க.

ஆறு மணிக்கு டீக்கடை மாடி நிரம்பிவிட்டது. மாமா எங்கிருந்தோ ப்ரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். முடிவுப் பக்கத்தைத் திறந்தேன்.

முதலிடம், ஆக்னஸ். வந்த நேரம் மதியம் 1.22. வேகம் நிமிடத்துக்கு 1,320 மீட்டர்.

இரண்டாமிடம், ஏகாம்பரம். 1,108.

மாடி அதிர்ந்தது. இவ்வளவு தூரத்தில் இந்த வேகத்தை இங்கே யாரும் கண்டதில்லை. யாரோ வாசலில் சரவெடி வைத்தார்கள். யாரோ மாலை வாங்க ஓடினார்கள். ஆக்னஸ் இன்னும் வரவில்லை. மாமாவின் முகம் ஒரு கணம் தொங்கியது. உடனே நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

நான் அந்த 1.22-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். 1.22-க்கு எனக்கு யாரும் புறா வந்ததாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தை நான் ஏற்றவில்லை. வரிசை எண் 203.

இருநூற்று மூன்று.

பொத்தான் இருநூறோடு நிற்கிறது. ஃபார்முலாவைக் கீழே இழுத்த அன்று பொத்தானை நீட்டவில்லை. கம்மம் பந்தயத்தில் 203-வது வரிசையில் இருந்த வேறு யாருடைய புறாவோ 1.22-க்கு இறங்கியிருக்கிறது. அந்த நேரம் துடைபடாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இருநூறாவது வரிசைக்கு அடியில் இருந்த மற்றப் புறாக்கள் அன்று வரவே இல்லை, அதனால் இது ஒன்றுதான். பழைய வளைய எண்ணின் மேலேயே, கவனிக்காமல், ஆக்னஸின் வளைய எண்ணை நானே போட்டிருக்கிறேன்.

அந்த ஒரு கட்டத்தை அழித்தால் மாமா முதலிடம். சொன்னால் ஷீட் தப்பு. மாமா பதவி போகும். சொல்லாவிட்டால் கேடயம் போகும். சொன்னாலும் எவன் நம்புவான்? மாமன் புறா ஜெயிக்க மச்சான் ஒரு கட்டத்தை அழிக்கிறான்.

ஒரு நிமிடம் யோசித்தேன். எனக்கு அது அதிகம்.

"நிறுத்துங்க. முடிவு தப்பு" என்றேன். "பழைய நேரம் ஒண்ணு அழியாம நின்னுடுச்சு. பொத்தான் இருநூறு வரிசைக்குத்தான் வேலை செய்யும். நீட்டாம விட்டது நான். ஆக்னஸ் புறா இன்னும் வரலை. ஏகாம்பரம்தான் முதலிடம்."



ஜலீல் பாய் மெதுவாகக் கைதட்டினார். "சூப்பர் தம்பி. மச்சான் ஒரு தட்டு தட்டுனா மாமன் புறா வாரங்கல்லேர்ந்து வந்துடுது. எங்களுக்கும் இந்த மாரி ஒரு மச்சான் கெடச்சா எதுக்கு புறாவுக்கு தீனி போடணும்?"

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். "வுட்டுரு மச்சான். ஆக்னஸே ஃபர்ஸ்ட்டா இருந்துட்டு போவட்டும்."

"அது தப்பு நம்பர் மாமா."

"தப்புன்னு எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதும். திருட்டுப்பய பட்டம் வோணாம்டா."

"நீங்க எதையும் திருடலையே!" கத்திவிட்டேன். மாமாவிடம் நான் இதுவரை கத்தியதில்லை. "1,108 உங்க நம்பர். அதை நான் விட முடியாது."

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். ஆக்னஸ். மூச்சு இரைத்தது, முகமெல்லாம் வெயில் குடித்த சிவப்பு. மேலே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வாசலில் மாலையோடு காத்திருந்தவன், உள்ளே நடந்ததைக் கவனிக்காதவன், தூக்கி அவர் கழுத்தில் போட்டுவிட்டான்.

"இன்னாது இது? எதுக்கு எனக்கு மாலை?"

"நீதான்மா ஃபர்ஸ்ட்டு! ஒன்னு இருவத்திரெண்டு!"

"யோவ், எனக்கு ஒரு புறாகூட வர்லய்யா!" என்றார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. "காலையிலேர்ந்து வானத்தையே பாத்து கழுத்து புடிச்சிக்கினு கீது! இந்தாளுக்கு எத்தினி தபா போன் பண்ணேன், கட் பண்ணிக்கினே கீறாரு! இங்க இன்னாடான்னா மாலை போடறீங்க!"

மாலை போட்டவன் இரண்டடி பின்வாங்கினான். பிறகு ஜலீல் பாய் சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சில் சரிந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"வராத புறாவுக்கு வெடி போட்ட ஒரே சங்கம் நம்பளுதுதான்யா!"

ஆக்னஸ் மாலையைக் கழற்றி நேராக வந்து மாமாவுக்குப் போட்டார். மாமா அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒரே முகத்தில் நடந்தது. நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். தலை மின்விசிறியில் இடிக்கப் போனது.

கீழே இறக்கியதும் ஜலீல் பாய் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி ஏகாம்பரம். ஷீட்டு ஒரு தபா தப்பு சொல்லிச்சே?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"சொல்லிச்சு. எறங்கிட்டேன்" என்றார் மாமா, கேடயத்தை மார்போடு பிடித்துக்கொண்டு. "செயலாளரு சீட்டு எவனுக்குய்யா வோணும்? என் கலெக்டரம்மா ஃபர்ஸ்ட்டு!"

நான் இரண்டு மாதமாக இந்த மனுஷனின் பதவிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம்.

"அப்ப செயலாளரு யாரு?" என்றது ஒரு குரல்.

"கழுத்துல மாலை வுழுந்தப்புறமும் என் புறா வர்லன்னு சொல்லிச்சே, அந்தப் பொண்ணுதான்" என்றார் ஜலீல் பாய். எல்லாக் கையும் மேலே போயின. எதையும் முதலில் ஏற்காதவர் முன்மொழிந்ததை மறுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆக்னஸ் விசிலை எடுத்து ஊதினார். அத்தனை பேரும் வாயை மூடினார்கள்.

"ஒரு கண்டிசன். ஷீட்ட இவருதான் பாத்துக்கணும். ஆனா செயலாளர் போன கட் பண்ணக் கூடாது."

"சரி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசில் சத்தத்தில் காது அடைத்திருந்தது.

மார்ச் 5

காலை 7.05-க்கு ஆக்னஸ் போன். முதல் மணியிலேயே எடுத்தேன். கறுப்புப் பெட்டை வந்துவிட்டது. இறக்கையில் காயம், ஆனால் தீனி எடுக்கிறது. அவள் அழுதுகொண்டே பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை, மீதியும் தேவைப்படவில்லை.

கம்பெனிக்கு அரை நாள் விடுப்பு. காரணம்: வளைய எண்ணை நேரில் சரிபார்த்தல். பந்தயம் முடிந்துவிட்டது, சரிபார்க்க அவசியமில்லை என்று அக்கா சொன்னாள். அவளுக்கு இந்த நடைமுறைகள் தெரியாது.

எண் சரியாகத்தான் இருந்தது. ஆக்னஸ் அந்தப் புறாவைக் கையில் பிடிக்கக் கொடுத்தாள். நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. புறாவுடையது.

மார்ச் 9, சனி

அடுத்து செய்ய வேண்டியவை:

1. பொத்தானை இருநூறில் நிறுத்தாமல், கடைசிப் புறா எந்த வரிசையில் இருக்கிறதோ அதுவரை தானாகப் போகும்படி மாற்ற வேண்டும்.

2. துடைத்த பிறகு எத்தனை நேரம் மிச்சம் என்று எண்ணிக் காட்ட ஒரு கட்டம். பூஜ்யம் என்றால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. கண்ணாலும் கடைசி வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

3. மாமா துடைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார், இப்போது பொழுது நிறைய இருக்கிறதாம். நகல் ஷீட் ஒன்று கொடுக்க வேண்டும். நகலின் நகல்.

4. புறாத் தீனியில் எந்தப் பருப்பு எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். பொது அறிவுக்காக.

5. அடுத்த சீசனுக்கு எல்லாக் கூண்டின் தூரத்தையும் புதிதாக அளக்க வேண்டும் என்று செயலாளர் உத்தரவு. நாளை காசிமேட்டிலிருந்து ஆரம்பம். வரைபடத்தில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. நேரில் போய்த்தான் அளக்கப் போகிறோம், இரண்டு பேரும், ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கூண்டு வீதம். அவசரமில்லை.